காகிதக் காதலனுக்கும் சாதி உண்டு

(கன்னிவாடியில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கதாபாத்திரங்கள் மீதான காதல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். தலைப்பை வாசித்ததும் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிக்கக்கூடிய விஷயம்தான். கொரியத் தொடரில் வருகிற நாயகனை 'என் ஆளு' என்று சொல்கிற பெண்ணைப் பார்த்தும், ஜப்பானிய அனிமே பொம்மையைக் கைப்பேசி முகப்பில் வைத்துக்கொண்டு 'இவளைப் போல ஒருத்தி கிடைத்தால்தான் கல்யாணம்' என்கிற பையனைப் பார்த்தும் வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் சாதி ஒழிப்புப் பேசுகிற நாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. யார் யாரைக் காதலிக்கலாம், யார் யாரைக் காதலிக்கவே கூடாது என்ற விதியின் மேல்தான் சாதி நிற்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1916இல், தன் இருபத்தைந்தாவது வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அகமண முறைதான் சாதியின் அடிப்படை என்று காட்டினார். 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் கலப்பு மணமே அதற்கு உண்மையான மருந்து என்றார். அப்படியானால் ஒரு பெண்ணோ ஆணோ தனியாக உட்கார்ந்து யாரைக் கனவு காண்கிறார் என்பதும் நம் விவாதத்துக்குள் வர வேண்டிய சங்கதிதான்.

முதலில், இது செல்போன் தலைமுறை கண்டுபிடித்த பைத்தியம் அல்ல. ஆண்டாளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒரு பெண்ணின் நிலையிலிருந்து மட்டும் பாருங்கள். மனிதர் எவருக்கும் வாழ்க்கைப்பட மாட்டேன், கண்ணனே என் மணாளன் என்கிறாள். வீடு பார்த்து வைக்கிற மாப்பிள்ளையை ஒரு பெண் மறுப்பதற்கு அன்று இருந்த மரியாதையான வழி அது ஒன்றுதான். நேரில் நிற்கிற ஆணை மறுத்தால் அவள் அடங்காதவள். கடவுளைக் காரணம் காட்டினால் அவளுக்கே கோயில் உண்டு.

இப்போது 1950க்கு வருவோம். அந்த ஆண்டு அக்டோபரில் கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. 1954 வரை வாரா வாரம் வந்தது. தொடரைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. அதில் வந்த வந்தியத்தேவனை நம் பாட்டிமார் காதலித்தார்கள். ஓவியர் மணியம் வரைந்த முகம் ஒன்று, மனத்துக்குள் அவரவர் வரைந்த முகம் ஒன்று. வரலாற்றில் அவனைப் பற்றி உறுதியாகத் தெரிவது மிகச் சொற்பம். தஞ்சைக் கல்வெட்டு அவனை ராசராசனின் அக்காள் குந்தவையின் கணவன் என்கிறது. அந்தக் குறும்பு, அந்தக் குதிரை, அந்த வாய்த்துடுக்கு எல்லாம் கல்கி செய்தவை. பிள்ளைகளுக்கு வந்தியத்தேவன், குந்தவை, அருள்மொழி என்று பெயர் வைத்தார்கள். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் மலிவுப் பதிப்புகள் புத்தகக் கண்காட்சிகளில் குவிந்தன. 2022, 2023இல் மணிரத்னம் படமாக எடுத்தபோது மூன்றாம் தலைமுறையும் அதே ஆளிடம் மயங்கியது.

இடையில் மாத நாவல் காலம் ஒன்று இருந்தது. ரமணிசந்திரன் நாவல்களை வாடகை நூலகத்தில் எடுத்து, பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த அம்மாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். 1986இல் 'மௌன ராகம்' மனோகர் வந்தான். 2018இல் '96' ராமும் ஜானுவும் வந்தார்கள். புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழ் பேச வைத்தது. பிறகு செல்போன் வந்தது, உலகத்தின் எல்லாக் கதாநாயகர்களும் உள்ளங்கைக்கே வந்துவிட்டார்கள்.

இந்த எழுபது ஆண்டுகளில் மாறியது என்ன? மூன்றைச் சொல்லலாம்.

ஒன்று, வெட்கம் போய்விட்டது. பாட்டி தன் காதலை யாரிடமும் சொல்லவில்லை. பேத்தி ஊருக்கே கேட்கும்படி சொல்கிறாள். அது நல்லது. பெண்ணுக்கு ஆசை உண்டு என்பதையே மறைத்து வைத்த சமூகம் இது.

இரண்டு, காத்திருப்பு போய்விட்டது. அடுத்த வார இதழ் வரும்வரை மனத்துக்குள் கதையை வளர்த்தவர்களுக்குப் பதில், ஒரே இரவில் பதினாறு பகுதிகளையும் பார்த்து முடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். ஒரு நாயகனின் ஆயுள் இப்போது சில வாரங்கள்தான்.

மூன்றாவதுதான் பெரிய மாற்றம். பாத்திரம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தோடு இரவு முழுக்க உரையாடலாம். ஜப்பானில் அகிஹிக்கோ கோண்டோ என்பவர் 2018இல் ஹட்சுனே மிக்கு என்ற கணினிப் பாடகிப் பாத்திரத்தை விழா வைத்து மணந்தார். வேலையிடத்தில் பட்ட துன்புறுத்தலில் நொறுங்கிக் கிடந்த தன்னை மீட்டது அந்தப் பாத்திரம்தான் என்று சொன்னார். 2020இல் அவளோடு பேச உதவிய கருவியின் சேவையை நிறுவனம் நிறுத்திவிட்டது. அவரால் அவளோடு பேச முடியாமல் போனது. வந்தியத்தேவனை எந்தக் கம்பெனியும் பாட்டியிடமிருந்து பிடுங்க முடியவில்லை. இன்றைய காதலனுக்கு முதலாளி ஒருவன் இருக்கிறான்.

சரி, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். வருகிறேன்.

நம் நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் சாதி மீறிக் காதலித்தவர்கள் நிறைய உண்டு. மதுரை வீரனும் பொம்மியும், காத்தவராயனும் ஆரியமாலாவும், முத்துப்பட்டனும் பொம்மக்கா, திம்மக்காவும். வாழும்போது வெட்டிக் கொன்றார்கள், கழுவேற்றினார்கள். செத்த பிறகு சாமியாக்கிக் கிடா வெட்டினார்கள். அதோடு விட்டார்களா? பிறப்பையும் மாற்றினார்கள். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன்தான், ஆனால் பிறந்தது காசி ராசாவுக்கு என்று கதை சொல்கிறது. காத்தவராயன் சிவனின் மகன் என்கிறது. முத்துப்பட்டன் கதையிலும் அந்தப் பெண்கள் பிராமணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று ஒரு வடிவம் உண்டு. பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது இப்படி ஏற்றப்பட்ட பூச்சுகளைப் பற்றி விரிவாகப் பேசினார். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'மதுரை வீரன்' படத்திலும் அவன் அரச குலத்துப் பிள்ளைதான்.

அதாவது, கீழே தள்ளப்பட்ட ஒருவனை நீ நேசிக்கலாம், ஆனால் அவன் பிறப்பைக் கழுவித் துடைத்துத் தந்த பிறகுதான் நேசிக்கலாம்.

இது பழங்கதை என்று நினைக்காதீர்கள். 'பொன்னியின் செல்வ'னிலேயே பாருங்கள். ஓடக்காரப் பெண் பூங்குழலி, இளவரசன் அருள்மொழிவர்மன் மீது ஆசை வைக்கிறாள். அது கைகூடுவதில்லை. கடைசியில் கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனை மணக்கிறாள். ஆகா, உழைக்கும் இருவர் சேர்ந்தார்கள் என்று நாம் மகிழ்வதற்குள், அவன்தான் உண்மையான சோழ இளவரசன் என்று தெரிந்துவிடுகிறது. பூக்காரன் பூக்காரனாகவே ஒருத்தியின் நாயகனாக இருக்கக் கூடாதா? காசி ராசா கதைதான் சோழ நாட்டுக்கு வேடம் மாற்றி வந்திருக்கிறது.

மாத நாவல்களுக்கு வந்தால் சாதியே காணாமல் போய்விடும். நாயகனுக்கு எஸ்டேட் இருக்கும், மில் இருக்கும், பரம்பரை பங்களா இருக்கும், நிறத்தைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். சாதி மட்டும் இருக்காது. சொல்லாமல் விட்டால் அது சாதியற்ற பாத்திரம் ஆகிவிடுமா? நம் ஊரில் நிலமும் மில்லும் பங்களாவும் யார் கையில் இருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்த நாயகனின் சாதியும் தெரியும். வாசிக்கிற பெண் சேரியில் இருந்தாலும், ஊருக்குள் இருந்தாலும், அவள் ஆசைப்பட வேண்டிய ஆணின் அளவு முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு கற்பனைப் பாத்திரத்தையும் சொல்ல வேண்டும். இவனை எந்த எழுத்தாளரும் எழுதவில்லை. சாதிச் சங்க மேடைகள் எழுதின. ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி, பைக்கில் வந்து, ஆதிக்கச் சாதிப் பெண்களை மயக்கிப் பணம் பறிக்கிற தலித் இளைஞன். 'நாடகக் காதல்' என்று அந்தக் கதைக்குப் பெயர் வைத்தார்கள். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் வீடுகள் எரிந்தன. எரிந்த வீடுகள் உண்மை. அந்தத் தீக்கு நெய் ஊற்றிய பாத்திரம் கற்பனை. மறு ஆண்டு ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

கதாபாத்திரத்தைக் காதலிக்கிற பெண்ணைப் பார்த்துப் பைத்தியம் என்கிறார்கள். கதாபாத்திரத்தைக் கண்டு பயந்து அரிவாள் எடுக்கிறவனை இந்த ஊர் என்னவென்று சொல்கிறது? மானஸ்தன் என்கிறது.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்பி வருவோம். அவள் ஏன் நிஜத்தை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொள்கிறாள்? 2003இல் விருத்தாசலம் அருகே கண்ணகியையும் முருகேசனையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். 2015இல் கோகுல்ராஜ். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில், பட்டப்பகலில் சங்கர். 2025 ஜூலையில் நெல்லையில் கவின். இந்தப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு, கொரியத் தொடரின் நாயகன் பாதுகாப்பான காதலன். அவனை யாரும் வெட்ட முடியாது. அவனுக்காக அவளை யாரும் தூக்கில் தொங்கவிட மாட்டார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்து நூல் ஆலைகளை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே மில் வேன் கிராமம் கிராமமாகச் சென்று இளம் பெண்களை ஏற்றிக்கொள்கிறது. 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று ஆண்டு உழைப்பைக் கல்யாணச் செலவுக்கான மொத்தத் தொகை என்று சொல்லிப் பிடித்து வைத்த கொடுமை இந்தப் பகுதியில்தான் பரவலாக நடந்தது. விடுதியில் கைப்பேசிக்குக் கட்டுப்பாடு, வெளியே போகக் கட்டுப்பாடு, மேற்பார்வையாளரின் தொல்லை வேறு. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, பாலியல் வன்முறைக்கு எதிராக 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. அதற்கு முன்பு இங்கேயே ஓர் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட வாழ்க்கையில், ஒரு நாயகன் நாயகியின் கையைத் தொடுவதற்கு முன்னால் 'தொடலாமா' என்று கேட்கிற காட்சி வெறும் பொழுதுபோக்கா? அப்படியும் ஓர் ஆண் இருக்க முடியும் என்ற செய்தியே அவளுக்கு அங்கிருந்துதான் கிடைக்கிறது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை.

பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் காதலுக்கென்றே ஒரு கட்டுரை ஒதுக்கினார். ஆசை, அன்பு, நட்பு என்பவற்றுக்கு அப்பாற்பட்ட தெய்வீகம் ஏதோ காதலில் இருக்கிறது என்று மயங்காதீர்கள் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை இன்று திரையில் கேட்க வேண்டுமென்றால் 2022இல் வந்த பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தின் ரெனேயைப் பாருங்கள். தலித் பெண். தன் பிறப்பை மறைக்கவில்லை, கடைசிக் காட்சியில் இளவரசியாக மாறவும் இல்லை. காதலிக்கிறாள், சண்டை போடுகிறாள், தன் மேல் அத்துமீறியவனோடும் உட்கார்ந்து பேசுகிறாள். படம் வந்தது ஆகஸ்ட் கடைசியில். சரியாக ஒரு மாதத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தது. எதற்குக் கூட்டம் சேர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ரெனேயைக் காதலிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தக் கூட்டம் வளர்கிறது. அந்தப் படத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 'பரியேறும் பெருமாள்' ஜோவையும் பரியனையும் நேசித்தவர்கள்தான் அதற்கு வழி போட்டார்கள்.

ஆகவே, கற்பனையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கற்பனை போதும் என்றும் சொல்ல மாட்டேன். நாட்டில் சாதி மறுப்பு மணங்கள் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கின்றன என்கின்றன ஆய்வுகள். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம், வயது வந்த இருவர் சேர்வதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொல்லி, இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லம், தனிப்பிரிவு என்று வழிகாட்டியது. அவை நம் மாவட்டத்தில் எப்படி நடக்கின்றன என்று போய்க் கேட்பது நம் வேலை. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டுத் தெருவில் நிற்பதும் நம் வேலை. நிஜத்தில் காதலிப்பது உயிருக்கு ஆபத்தில்லாத காரியமாக ஆகட்டும். அதற்குப் பிறகும் ஒருத்தி வந்தியத்தேவன்தான் வேண்டும் என்றால், அது அவள் விருப்பம், ரசித்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொருவரும் நீங்கள் காதலித்த ஒரு பாத்திரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாருங்கள். அவன் அல்லது அவள் எந்தத் தெருவில் வசிக்கிறார்? அந்த வீட்டில் யாரெல்லாம் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம்? அந்த வீட்டுக் கக்கூசை யார் கழுவுகிறார்? கதையில் பதில் இல்லை என்றால் நீங்களே எழுதுங்கள். அதை இங்கே சத்தமாக வாசிப்போம். அதிலிருந்து விவாதத்தைத் தொடங்கலாம்.