பல்கேரியா: எழுத்தால் எழுந்த நாடு



பந்தல்குடியின் கரிசற் காட்டிலிருந்து நோக்கினால் பல்கேரியா மிகத் தொலைவிலுள்ள நாடு. வடக்கே தன்யூப் ஆறும் கிழக்கே கருங்கடலும் எல்லையாக, பால்கன் மலைத்தொடர் நடுவே நீண்டு கிடக்கும் நாடு அது. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சற்றே சிறியது. மக்களோ 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 65 இலட்சம் பேர் மட்டுமே. எனினும் தாய்மொழியின் பெயரால் கூடிய ஓர் அவை அந்நாட்டை அறிந்துகொள்ளத் தக்க காரணம் உண்டு. அரசிழந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் இனம், எழுத்தைப் பற்றிக்கொண்டு மீண்டெழுந்த வரலாறு அது.

681இல் அஸ்பாரூக் என்னும் தலைவன் தன்யூபின் தென்கரையில் அரசு நிறுவினான். வந்த பல்கர்கள் அங்கிருந்த சிலாவியரோடு கலந்தனர். பெயர் பல்கர்களுடையதாக நின்றது, மொழி சிலாவியருடையதாயிற்று. 864இல் மன்னன் போரிஸ் கிறித்தவம் தழுவினான். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றே இறைவனுக்குரிய மொழிகள் என்று பலர் வாதிட்ட காலம் அது. சிலாவிய மொழிக்கு முதலில் எழுத்து வகுத்தவர்கள் கிரில், மெத்தோதியஸ் என்னும் உடன்பிறந்தோர். மொராவியாவிலிருந்து துரத்தப்பட்ட அவர்தம் மாணாக்கர்களுக்கு 886இல் போரிஸ் அடைக்கலம் தந்தான். அவர்கள் வளர்த்த கல்வியின் சூழலில், பிரெஸ்லாவ் நகரில் உருப்பெற்றதே சிரில்லிக் எழுத்து. கிராபர் என்னும் துறவி அவ்வெழுத்துக்காக வழக்காடினார். கிரேக்க எழுத்தைப் படைத்தோர் கிறித்தவர் அல்லர், சிலாவிய எழுத்தைப் படைத்தவரோ அருளாளர் என்பது அவர் வாதம். எம்மொழியில் இறைவனை அழைப்பது என்னும் வழக்கு தமிழர்க்கும் புதிதன்று.

1396க்குள் பல்கேரியா முழுவதும் உதுமானியப் பேரரசிடம் வீழ்ந்தது. ஆட்சி துருக்கியரிடம் இருந்தது. கோயிலும் கல்வியும் பெரும்பாலும் கிரேக்கமாயின. கற்றவர் தம்மைப் பல்கேரியர் என்று சொல்லவும் நாணினர். அந்நாணத்தைக் கடிந்து, அத்தோஸ் மலையில் வாழ்ந்த பைசி என்னும் துறவி 1762இல் தம் இனத்தின் வரலாற்றை எழுதி முடித்தார். அந்நூல் பல்லாண்டுகள் கையெழுத்துப் படிகளாகவே ஊர் ஊராகப் பரவியது. படியெடுத்த ஒவ்வொருவரும் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தனர் எனலாம்.

அடுத்து எழுந்தவை 'சித்தாலிஷ்தே' என்னும் வாசகசாலைகள். 1856இல் ஸ்விஷ்தோவ் முதலிய ஊர்களில் தோன்றிய அவற்றில் நூலகம், நாடக மேடை, சொற்பொழிவு யாவும் ஒரு கூரையின்கீழ் அமைந்தன. நாடு பிறக்கும் முன்னரே அதற்கான படிப்பறைகள் பிறந்துவிட்டன. அருப்புக்கோட்டையை அடுத்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்டதை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

வாசகசாலைகளில் விழித்தவர்கள் விடுதலையையும் விழைந்தனர். வசில் லெவ்ஸ்கி 1873இல் தூக்கிலேறினார். 1876 ஏப்ரல் எழுச்சி குருதியில் ஒடுக்கப்பட்டது. கவிஞர் கிறிஸ்தோ போத்தெவ் அவ்வாண்டே களத்தில் வீழ்ந்தார். உருசிய-துருக்கிப் போரின் முடிவில் 1878 மார்ச் 3ஆம் நாள் ஒப்பந்தம் விடுதலைக்கு வழி திறந்தது. முழு உரிமை 1908இல் வந்தது. இவான் வாசோவின் 'நுகத்தடியின் கீழ்' என்னும் நாவல் அவ்வெழுச்சிக்கு இலக்கியச் சான்று. இன்றும் மே 24 அந்நாட்டில் எழுத்துக்கும் கல்விக்குமான திருநாள்.

அம்மக்களின் வாழ்க்கை தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று. மார்ச் முதல் நாளில் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலை அணிவர். நாரையையோ பூத்த மரத்தையோ கண்டபின் அதனைக் கிளையில் கட்டிவிடுவர். ஸ்திராஞ்சா மலைப்பகுதியில் கான்ஸ்டன்டைன், ஹெலனா திருநாளன்று திருவுருவம் ஏந்தித் தணல்மீது வெறுங்காலுடன் நடப்பர். பூக்குழி இறங்கும் மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. பெயரையும் மொழியையும் காத்து உயிர்த்த அதே நாடு, 1984-85 குளிர்காலத்தில் துருக்கியச் சிறுபான்மையினர் பல இலட்சம் பேரின் பெயர்களை வலிந்து மாற்றியது. பொதுவிடத்தில் அவர்தம் மொழியைத் தடுத்தது. 1989இல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் துருக்கிக்குப் புறப்பட்டனர். பைசியின் காலத்தைக் குறிக்கும் 'மறுமலர்ச்சி' என்ற சொல்லையே அரசு இக்கொடுமைக்கும் சூட்டியது. 2012இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதனைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. தன் மொழியைக் காத்தவன் பிறன் மொழியையும் மதிக்கக் கற்றானா என்பதே மொழிப்பற்றுக்குரிய உரைகல்.

1980களில் 90 இலட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை, பிறப்புக் குறைவாலும் பிழைப்புத் தேடி வெளியேறியதாலும் சுருங்கிவிட்டது. ஊர்கள் முதியோரின் ஊர்களாயின. மழை பொய்த்த பூமியிலிருந்து பிள்ளைகளை வெளியூருக்கு வழியனுப்பிய எவரும் அத்துயரை அறிவர். எனினும் எழுத்து தளரவில்லை. 2007இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சிரில்லிக் அதன் மூன்றாம் எழுத்தாயிற்று. 2023இல் கியோர்கி கொஸ்பொதினோவின் நாவல் பன்னாட்டுப் புக்கர் பரிசு பெற்றது. அவ்வாண்டு அப்பரிசின் நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யும் இருந்தது. உலகின் ஒரே பந்தியில் இரு மொழிகளும் அருகருகே அமர்ந்தன.

அவற்றை அங்கே கொண்டு சேர்த்தவை படைகள் அல்ல. படியெடுத்த கைகளும், விளக்கேற்றி வைத்த வாசகசாலைகளுமே. சிற்றூர் ஒன்றில் மாதந்தோறும் கூடிப் படிக்கும் சிலரின் உழைப்பு சிறிதன்று என்பதே பல்கேரியா கூறும் செய்தி.