பழைய விளையாட்டின் பல வாரிசுகள்

என் நண்பர் ஒருவர் அல்சூரில் வசிக்கிறார். வேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து, பிழைப்பை நாடி, 2005-ஆம் ஆண்டு பெங்களூர் வந்தவர். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அறைத் தோழர்களுடன் தெருமுனை பிரௌசிங் சென்டருக்குச் செல்வார். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திக் கணிப்பொறியில் கிரிக்கெட் ஆடுவார்கள். 2006-ஆம் ஆண்டின் இறுதியில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'கிரிக்கெட் 07' என்ற ஆட்டம் அது. ஊர் ஏக்கத்தை அந்த ஒரு மணி நேரமே மறக்கச் செய்தது என்று இன்றும் சொல்வார்.

இப்போது அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. தாம் ஆடிய ஆட்டத்தைப் பையனுக்குக் காட்ட ஆசைப்பட்டார். டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்த குறுந்தகட்டை எடுத்தார். வீட்டிலுள்ள புதிய கணிப்பொறியில் தகடு வைக்கும் இடமே இல்லை. போகட்டும், காசு கொடுத்தே வாங்குவோம் என்று இணையக் கடைகளில் தேடினார். அங்கும் இல்லை. வாங்குவதற்கு ஆள் இருக்கிறார். சரக்கை ஒன்றுக்குப் பத்தாயிரமாகப் பெருக்க ஏறக்குறைய செலவே இல்லை. இருந்தும் விற்பனைக்கு வரவில்லை என்றால் அது விந்தையன்றோ?

இந்த விந்தை நம் நண்பருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்குப் பதின்மூன்றே அப்போது முறையான விற்பனையில் கிடைத்தன என்று அது கண்டது.

நேயர்களில் பலருக்கு ஊரில் ஒரு பூர்வீக வீடு இருக்கும். பாகப்பிரிவினை ஆகாத வீடு. அண்ணன் மும்பையில், தம்பி பெங்களூரில், காலமாகிவிட்ட மூத்தவரின் பிள்ளைகள் தில்லியில். வீடு நன்றாகத்தான் நிற்கிறது. விற்பதென்றால் மட்டும் அத்தனை பேரின் கையெழுத்தும் வேண்டும். பழைய விளையாட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

1999-இல் வெளிவந்த 'சிஸ்டம் ஷாக் 2' என்ற ஆட்டத்தைப் பாருங்கள். அதை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் மறு ஆண்டே மூடப்பட்டது. ஆட்டத்தின் உரிமை எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம்! தங்கள் பெட்டகத்தில் விளையாட்டு ஒன்று கிடப்பதை அவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஸ்டீபன் கிக் என்ற அமெரிக்கர் தேடிச் சென்று கேட்டுப் பேசி, 2013-இல் அதை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தார். தேடிப் போக ஒருவர் இருந்ததால் அது வந்தது.

நண்பரின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு எத்தனை கையெழுத்துகள் வேண்டும்? வெளியிட்டது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ். ஆனால் உழைத்து உருவாக்கியது கனடாவிலுள்ள எச்.பி. ஸ்டூடியோஸ். அது 2021-இல் போட்டி நிறுவனமான 2கே-யின் கைக்குப் போய்விட்டது. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த இசைவு பெற்றிருந்தார்கள். இத்தகைய இசைவுகள் தவணை வைத்தே அளிக்கப்படுபவை. வர்ணனைக் குரல்கள் ரிச்சி பெனோ, மார்க் நிக்கோலஸ் இருவருடையவை. பெனோ 2015-இல் காலமானார். இத்தனை பேரிடமும் புதிதாக ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் செலவு ஒரு பக்கம். சில நூறு ரூபாய்க்கு விற்கும் பழைய ஆட்டத்தின் வருவாய் மறு பக்கம். கணக்குப் பிள்ளை எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாட்டுக்கும் இதே கதிதான். 2008-இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' ஆட்டத்தில் வானொலி நிலையங்கள் உண்டு. வண்டி ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்கலாம். பத்தாண்டுத் தவணை முடிந்ததும், 2018-இல், அவற்றில் பல பாடல்களை நீக்கிவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் அவை போயின. வானொலியில் பேசுகிற எனக்கு இது சற்று அதிகமாகவே உறைக்கிறது.

உரிமை முழுவதும் ஒரே கையில் இருந்தால் விரைந்து வருமா? அதுவும் உறுதியில்லை. நம் பெங்களூரில் ராஜேஷ் ராவ் 1997-இல் தொடங்கிய துருவா நிறுவனம் வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு ஓவிய வேலை செய்து பெயர் பெற்றது. 2019-இல் அதை வாங்கிய ராக்ஸ்டார், செல்வத்திலும் ஆள்பலத்திலும் குறைவில்லாதது. அந்த ராக்ஸ்டாரே 2010-இல் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தது 2024 அக்டோபரில். பழைய பெட்டிக்கென்று தைத்த சட்டையைப் புதிய பெட்டிக்குப் போடுவதென்றால் பிரித்துத் தைக்க வேண்டும். அதற்கு மூலநிரல், அதாவது நிரலாளர்கள் எழுதிய கையெழுத்துப் பிரதி போன்றது, கையில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் அதைக் காப்பாற்றி வைக்கவில்லை. 'சைலண்ட் ஹில்' ஆட்டங்கள் 2012-இல் புதுப்பிக்கப்பட்டபோது இறுதி மூலநிரல் கிடைக்காமல், முற்றுப்பெறாத பிரதியை வைத்தே வேலை செய்தார்கள். பழைய பிழைகளையும் மீண்டும் திருத்த நேர்ந்தது.

சட்டம் உதவாதா என்று கேட்கலாம். 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை வெளியிட, விண்ணப்பித்து உரிமம் பெற அதில் வழியுண்டு. உரிமையாளர் காணாமற் போயிருந்தால்தான் அந்த வழி. முகவரி தெரிந்தும் வாளாவிருப்பவரிடம் அது செல்லாது. நண்பரின் ஆட்டத்துக்கு உரியவர் காணாமற் போகவில்லை.

நண்பர் ஓயவில்லை. எஸ்.பி. ரோட்டில் அலைந்து, தகடு வைக்கும் இடமுள்ள பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்தார். சென்ற ஞாயிறு நானும் போயிருந்தேன். தகடு சற்று முனகிவிட்டுச் சுழன்றது. பெனோவின் குரல் கேட்டது. பையன் இந்திய அணியைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான்.

“அப்பா, இதில் டெண்டுல்கர் எங்கே?”

இந்திய வீரர்களுக்கு உண்மைப் பெயரில்லாமல் ஏதேதோ திரிந்த பெயர்கள் இருந்தன. அவர்களுடைய பெயருக்கு அன்றைக்கே அந்நிறுவனத்திடம் உரிமை இருக்கவில்லை. நண்பர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூர்வீக வீட்டிலிருந்து கதையைத் தொடங்கினார்.