டை ராடு எண்ட் கழண்டு வரமாட்டேங்குதா? சுத்தியலை எங்கே அடிக்கணும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடை அப்படியே இருக்க, திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

கீழ்பென்னாத்தூர்ல இருந்து பேசுறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க. பட்டறை திருவண்ணாமலை–செஞ்சி ரோட்டு மேலேயே இருக்கு, பஸ்சை நிறுத்தச் சொல்ல முடியாது.

நடவு நேரத்துல ஒரு பெரியவர் டிராக்டரைக் கொண்டு வந்தார். "தம்பி, நான் ஒரு பக்கம் திருப்புறேன், வண்டி ஒரு நிமிஷம் யோசிச்சிட்டுத்தான் திரும்புது"ன்னார். குனிஞ்சு பார்த்தேன். இடது பக்க டை ராடு எண்ட், அதாவது முன் சக்கரத்தைத் திருப்புற கம்பியோட முனையில இருக்குற பந்து மூட்டு, தேஞ்சு ஆடுது. அது பெரிய விஷயமில்லை. அந்த நட்டுல ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில ஒரு ஆணி இருந்தது. வீட்டுல அடிக்கிற சாதாரண ஆணி, அதுவும் பாதி அறுந்துபோய்.

விசாரிச்சா, அவர் பையன் வீட்டுலயே கழட்டப் பார்த்திருக்கான். நட்டை முழுசா எடுத்துட்டு, மரையோட தலையில சுத்தியலால அரை நாள் அடிச்சிருக்கான். வரலை. மரை மட்டும் காளான் மாதிரி விரிஞ்சுபோச்சு. பழைய நட்டை எப்படியோ ரெண்டு சுத்து ஏத்தி, ஆணியைச் சொருகி, பின்னாடி டிரெய்லர்ல நாத்துக்கட்டையும் நடவுக்குப் போற நாலு பொம்பளைங்களையும் ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டுல வந்திருக்காங்க. அந்த ஆணி அறுந்து நட்டு கழண்டிருந்தா ஒரு சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும். கையில ஸ்டியரிங் இருக்கும், ஆனா சொல்பேச்சு கேக்காது. பையனைத் திட்ட வாய் வந்தது, திட்டலை. நானும் கத்துக்கிட்ட காலத்துல மரைத் தலையில அடிச்சவன்தான்.

ஏன் அது வரலை? உள்ளே இருக்குற தண்டு நேர் உருளை இல்லை, டேப்பர். மேலே போகப் போகச் சிறுக்கும். வழக்கமா எட்டுக்கு ஒண்ணு, அதாவது எட்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் ஒரு மில்லிமீட்டர் குறையும். இவ்வளவு சின்ன சரிவு இருந்தா, இரும்பும் இரும்பும் உரசுற பிடியே அதை நழுவ விடாது. நட்டைக் கழட்டினாலும் தண்டு அப்படியே நிக்கும். ஆப்பு தத்துவம்தான். நம்ம ஊர்ல கார்த்திகைத் தீபத் திருவிழா ஏழாம் நாள் தேர் பார்த்திருப்பீங்க. அவ்வளவு பெரிய தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. முட்டுக்கட்டை போடுறவங்க சக்கரத்துக்கு அடியில கட்டையைக் கொடுத்துத்தான் திருப்புறாங்க, நிறுத்துறாங்க. அங்க வண்டியைத் திருப்புற ஆப்பு, இங்க வண்டிக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. அதோட இங்க சேத்துல உழுற வண்டி. ரப்பர் கவர் கிழிஞ்சு சேத்துத் தண்ணி உள்ளே போய், துரு ரெண்டையும் ஒட்டவச்சிடும்.

சரி, எப்படி எடுத்தேன்? முன்பக்கம் ஜாக்கி போட்டு, கீழே கட்டை கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி கையை விடாதீங்க. டிராக்டர் முன் ஆக்சில் நடுவுல ஒரே பின்னுல ஊஞ்சல் மாதிரி ஆடும், அதனால ஆக்சிலுக்கு மேலேயும் ரெண்டு பக்கமும் ஆப்பு வைக்கணும். சக்கரத்தைக் கழட்டிட்டேன். துரு எண்ணெய் விட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தோம். அது விட்டவுடனே வேலை செய்யாது, இறங்க நேரம் கொடுக்கணும்.

நல்ல மரையா இருந்தா நட்டை முழுசா எடுக்காம ரெண்டு மூணு சுத்து மட்டும் தளர்த்தி விடுவேன். மூட்டு திடீர்னு விடும்போது கம்பி கால்மேல விழாது. இதுல மரை போயிட்டதால அரத்தால ராவி, நட்டை அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் கம்பிக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கும் நடுவுல கடப்பாரையைக் கொடுத்து பையனைக் கீழே அழுத்தச் சொன்னேன். ஆர்மோட கண் இருக்கே, தண்டு நுழையுற வளையம், அதோட ஒரு பக்கத்துல கனமான சம்மட்டியை அணைச்சுப் பிடிச்சு, எதிர்ப்பக்கத்துல சுத்தியலால ஓங்கி அடிச்சேன். தண்டுல இல்லை, வளையத்தோட பக்கவாட்டுல. அடி விழுற அந்த நொடியில வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகும், பிடி விடும். ஆறாவது அடியில 'டப்'னு விட்டுச்சு. பையன் கடப்பாரையோட முன்னாடி சாஞ்சான். அரை நாள் வேலை, ஆறு அடி. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

புல்லர் இருந்தா இன்னும் சுலபம். இறுக்கி வச்சுட்டு வளையத்தைப் பக்கவாட்டுல தட்டுங்க, முகத்தை நேரா வைக்காதீங்க. கவட்டை மாதிரி ஆப்பு விக்குறாங்க, அது ரப்பர் கவரைக் கிழிச்சிடும். மூட்டை எறியப் போறீங்கன்னா மட்டும் சரி. கேஸ் வெல்டிங்ல சூடு பண்ணலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. இருபது மில்லிமீட்டர் ஓட்டையை 200 டிகிரி சூடேத்தினாலும் 0.05 மில்லிமீட்டர்தான் விரியும். அந்தப் பலனுக்காக ஆர்மைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினா இரும்போட பதம் போயிடும். மூடின மூட்டுக்குள்ள கிரீஸ் கொதிச்சு வெடிச்சு முகத்துல அடிக்கும். நான் பண்றதில்லை.

மாட்டும்போது: கழட்டுறதுக்கு முன்னாடியே மரை எத்தனை சுத்துன்னு எண்ணி வச்சுக்குங்க, இல்லைன்னா முன்சக்கர டோ-இன் மாறி டயரைத் தின்னும். ரெண்டு முனையில ஒண்ணு பெரும்பாலும் இடதுமரையா இருக்கும், அதையும் பாருங்க. டேப்பர்ல கிரீஸ் தடவாதீங்க, துடைச்சு காயவச்சு மாட்டணும். நட்டை இறுக்கினதுக்கு அப்புறம் பின் ஓட்டை நேர் வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, ஒருநாளும் தளர்த்தாதீங்க. ஸ்பிளிட் பின் புதுசு. அதோட விலை டீ விலையைவிடக் கம்மி.

பெரியவர் காசு கொடுத்துட்டு, "அந்த ஆணியை எங்க போட்டே தம்பி?"ன்னார். எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்துட்டு, பேசாம பையன் சட்டைப் பையில போட்டார்.

அடுத்த தடவை டிராப் ஆர்ம் கழட்டுறதைப் பத்திப் பேசலாம். அதுல இந்தப் பக்கவாட்டு அடி வேலைக்கு ஆகாது, பெரிய புல்லர் வேணும்.