எழுவாய் யார்?



கொல்லாமை நம் முதல் நோன்பு. ஆதலின் கருக்கலைப்பு பற்றி நாம் உறுதியாகப் பேசுகிறோம். வாய்மையும் நோன்பே, ஆதலின் பேசும் சொற்களையும் ஆராய்தல் நம் கடன்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இச்செயலைக் ‘கருச்சிதைவு விளைவித்தல்’ என்னும் குற்றமாக வைத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, வரையறுத்த சூழல்களில் இதற்கு இசைவளித்து, ‘கருவுற்ற நிலையை மருத்துவ முறையில் முடித்தல்’ என்றது. முன்னதில் சிதைவு தெரிகிறது; பின்னதில் ஒரு நிலையின் முடிவே தெரிகிறது. செயல் ஒன்று, பெயரே நம் நோக்கைத் திருப்புகிறது.

நம் தமிழில் ‘கரு கலைந்தது’ என்பது தன்வினை. ‘கருவைக் கலைத்தாள்’ என்பது பிறவினை. இயல்பாகக் கருவை இழந்தவளை ஊரார் பிறவினையால் சுட்டினால், துயருற்றவள் குற்றவாளியாகிறாள்.

கருவின் பாலினம் கண்டறிந்து கூறுவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனை மீறி, பெண் கருவென்று அறிந்து கணவனும் மாமியாரும் வற்புறுத்திய இடத்திலும் ‘அவள் கலைத்தாள்’ என்றே உலகம் உரைக்கிறது. எழுவாய் அவள் ஒருத்தியே. ஏவியோர் அத்தொடரில் இல்லை. ‘கலைக்கப்பட்டது’ என்றாலோ, செய்தவர் ஒருவரும் புலப்படார்.

நம் அறமோ செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினையாகவே கொள்கிறது. தொடரில் மறைந்தவர் வினையிலிருந்து தப்புவதில்லை.

ஆதலின், கருவுயிர்க்கு இரங்கும் நா, அதனைச் சுமந்தவளைச் சுடலாகாது. பழி உரைக்குமுன் எழுவாய் யாரெனத் தேடுவோம். அந்தத் தேடலும் கொல்லாமையே.

வாழ்க அறம்!