இடந்தருதலே முதலறம்
(திருக்குடமுழுக்கு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பல்லாண்டு சிதைந்து கிடந்த இத்திருக்கோயில் இன்று புதுப்பொலிவுடன் விளங்குகின்றது. குடமுழுக்கும் இனிது நிறைவேறிற்று. இந்நன்னாளில் அடியேன் கூற விழைவது ஒன்றே. திருப்பணி தொடங்குமுன் நம் வெளிமண்டபத்தில் இரவுதோறும் சிலர் படுத்துறங்கினர். அவர்க்கு வீடும் இல்லை, உற்றாரும் இல்லை. சாரங் கட்டியபொழுது அவர்கள் அகன்றனர். மீண்டும் வருவாராயின் நாம் செய்யத்தக்கது யாது?

இதற்கு விடை சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் உண்டு. இளையான்குடிமாற நாயனார் வறுமையுற்றிருந்த ஞான்று, மழை பொழியும் இரவில் இறைவன் அடியவர் வேடந் தாங்கி அவர்தம் வாயிலை அடைந்தான். அன்று விதைத்த நெல்லை நாயனார் வாரிக் கொணர்ந்ததும், கூரைக் கழிகளை அறுத்து விறகாக்கியதும் யாவரும் அறிந்தனவே. ஆயின் பலரும் விரைந்து கடந்து செல்லும் செய்தி ஒன்று அங்குண்டு. நாயனார் முதற்கண் செய்தது உணவளித்தலன்று. நனைந்த மேனியின் ஈரம் போக்கி, இருக்க இடந்தந்தார். அமுதூட்டும் எண்ணம் அதன் பின்னரே எழுந்தது. ஒரு பிடி அரிசியும் இல்லாத மனையிலும் கொடுத்தற்கு இடம் இருந்ததன்றோ!

“அங்கு வந்தவர் சிவவேடம் பூண்ட அடியவர், மண்டபத்திற் கிடப்போர் அத்தகையரோ?” எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. வேடத்துக்கு உரியது வணக்கம். துன்பத்துக்கு உரியது இரக்கம். ஒன்று மற்றொன்றை விலக்காது. வடலூர் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவரது நாடு, சமயம், சாதி, நடக்கை ஆகியவற்றை ஆராயாது உணவளிக்க வேண்டுமென்பது அவர் நெறி. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதற்கு நிலம் ஈந்தவர் பார்வதிபுரத்து மக்கள். அருளாளர் நினைத்தார், ஊரார் இடங்கொடுத்தனர், அறம் நிலைத்தது.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் பாரத நாட்டில் வீடற்றோர் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மக்களாற் கைவிடப்பட்ட முதியோர், மனநோயுற்றோர், பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த கூலியாளர் எனப் பலரும் அவருள் அடங்குவர். நண்பகலில் அன்னதானம் செய்கின்றோம், நன்று. உண்டவர் இரவில் எங்கே தலைசாய்ப்பர் என்று வினவினோமா?

வெளிமண்டபத்துக்கு இரும்புக் கதவிட வேண்டும் என்றொரு கருத்து எழுந்துள்ளது. திருமேனிகளுக்கும் உண்டியலுக்கும் காவல் இன்றியமையாததே. அக்காவல் உள்வாயிலுக்கு அமைக. வெளிமண்டபம் திறந்தே இருக்கட்டும். திருப்பணிப் பொருள்கள் வைத்திருந்த கொட்டகை இப்பொழுது வெறுமையாயுள்ளது. அதனைச் செப்பனிட்டு, மழைக்காலம் வருமுன் இராத்தங்கும் இடமாக்குவோம். பாய், போர்வை, குடிநீர், கழிப்பிடம், இரவுக் காவலர் ஒருவர்: இவை போதும். மகளிர்க்குத் தனியிடம் வேண்டும். நோயுற்றாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். இல்லந் திரும்ப விரும்புவோரை உறவினரிடம் சேர்ப்போம். எவரையும் “ஏ” என விளியாது, “ஐயா”, “அம்மா” என்று அழைப்போம்.

அன்பர்களே! நும் பெயர்கள் இன்று கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளன, அது முறையே. இனி ஈயும் பொருளுக்குக் கல்வெட்டு வேண்டா. மழையிரவில் ஒருவர் நனையாது உறங்குவாராயின், அதனை அறியவேண்டியவன் அறிவான்.

திருச்சிற்றம்பலம்.