எங்கள் ஊர்க் கள்ளுக்கடை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் டீ குடிக்கும்போது, லண்டனிலிருந்து வந்திருக்கும் நம் நண்பர், அங்கே ஊருக்கு ஊர் இருந்த 'பப்'புகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைச் சொல்லி வருத்தப்பட்டார். எல்லோரும் 'அடடா' என்றோம். எனக்கு ஒலக்கூர் ஞாபகம் வந்துவிட்டது. எங்க ஊர்லயும்தான் ஒண்ணை மூடினாங்க, அதுக்கு யாரும் 'அடடா'ன்னு சொல்லலையே என்று தோன்றியது. எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. தலைவர் மன்னிக்க வேண்டும்.

1982 முதல் 85 வரை ஒலக்கூரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் திண்டிவனம் வந்து படித்தவன் நான். "அப்பா என்ன செய்றார்?" என்று கேட்டால் "விவசாயம்" என்பேன். பொய். அப்பா பனை ஏறினவர். அம்மா கள்ளுக்கடைக்கு எதிரில் அவித்த மொச்சையும் சுட்ட கருவாடும் விற்றவர். நான் கட்டிய பரீட்சைப் பணத்தில் கள் வாடை அடித்திருக்கும். மூன்று வருடத்தில் உங்களில் ஒருவரைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. காரணம் இதுதான்.

அப்பா விடியுமுன் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை ஏறுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டி இறங்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் தானே நுரைத்துக் கள். காலையில் இறக்கியது இனிக்கும், பொழுது சாய்ந்தால் கடுக்கும், மறுநாள் புளித்துவிடும். அதைப் பாட்டிலில் அடைத்து லாரியில் ஏற்றி நாலு மாதம் வைத்து விற்க முடியாது. மரம் இருக்கிற ஊரிலேயே, இறக்கின அன்றைக்கே குடித்தாக வேண்டும். கள்ளுக்கடை ஊர்க்கடையாக இருந்ததற்குக் காரணமே இதுதான். அது அழிந்ததற்கும் இதுவே பாதிக் காரணம் என்பேன். பாட்டிலுக்கு வரி வசூலிப்பது சுலபம். மரத்துக்கு மரம் கணக்கு வைப்பது கஷ்டம்.

கடை என்றால் ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, அவ்வளவுதான். அறுப்பு முடித்து வருகிறவர்களும் வண்டிக்காரர்களும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் கேட்பார்கள். வரப்புத் தகராறு இரண்டு மூன்று அங்கேயே தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் இரண்டு தகராறு அங்கேயே தொடங்கியதையும் பார்த்திருக்கிறேன்! எல்லோரும் சமமாக உட்கார்ந்தார்கள் என்று கதை விடமாட்டேன். காலனியிலிருந்து வந்தவர்கள் வெளியே, மரத்தடியில்தான். குடித்துவிட்டு வீட்டில் போய் அடித்தவர்களும் உண்டு. "இன்னிக்கு உங்கிட்ட அவரு எத்தினி குடிச்சாரு?" என்று அம்மாவிடம் வந்து அழுத பெண்களை மறக்க முடியாது. அம்மா அவர்களுக்கும் பொய் சொன்னதில்லை.

தம்பிகளுக்காகக் கொஞ்சம் வரலாறு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் கலைஞர் ஆட்சியில் கடைகள் திறந்தன. 1973இல் கள்ளுக்கடைகளை மூடினார்கள், மறு வருடம் சாராயக்கடைகளை. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்து, 1987 ஜனவரி முதல் தேதி மறுபடி மூடினார்கள். கள்ளுக்கு அன்று போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. கள்ளில் கலப்படம் நடந்தது உண்மை. ஆனால் 2003 முதல் டாஸ்மாக் மூலமாக அரசாங்கமே பிராந்தியைச் சில்லறையில் விற்கிறதே, அந்தக் கணக்குத்தான் எனக்குப் புரியவில்லை. கேரளத்தில் கள்ளு ஷாப்பில் மீன் குழம்பு சாப்பிடக் காரில் போகிறோம். பக்கத்துப் புதுச்சேரியில் கள் இறக்கினால் தொழில். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் இறக்கினால் கேஸ்.

அப்பா மேலும் கேஸ் போட்டார்கள். பதநீர்க் கலயம் என்று சொல்லியும் கேட்கவில்லை. உடைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவர் செங்கல் சூளைக்குக் கல் சுமக்கப் போனார். தான் ஏறிய மரங்களையே வெட்டிச் சூளைக்கு விறகாகக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு நாள் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை.

2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 14 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கும் மேல். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஓலைக் கொட்டகைதான் கண்முன் வந்தது. அங்கே எந்த மரத்துக் கள், யார் இறக்கினது என்று குடிக்கிறவனுக்குத் தெரியும். மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், அப்பா வீட்டுத் திண்ணையில்தான் வந்து நிற்பான். இறந்த அந்த மனிதர்களுக்கு, தாங்கள் குடித்தது எங்கே காய்ச்சியது, யார் கலந்தது என்று என்ன தெரிந்திருக்கும்? குடிக்கச் சொல்லி நான் இங்கே பேசவில்லை. நானே குடிப்பதில்லை, ஒரு முறை குடித்துப் பார்த்தேன், புளிப்பு பிடிக்கவில்லை.

போன வைகாசியில் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சாலையோரம் பதநீர் விற்றுக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். பி.எஸ்ஸி. முடித்தவனாம். தானே மரம் ஏறி இறக்குகிறானாம். "ஏம்ப்பா, யாராவது என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றேன். ஏற இறங்கப் பார்த்தான்.

"பனையேறின்னு சொல்லுவேன் சார். ஏன் கேக்குறீங்க?"

இரண்டு பட்டை வாங்கிக் குடித்தேன். நல்ல பதநீர். எங்கள் அப்பாவைப் பற்றி அவனிடம் சொன்னேன். அடுத்து உங்களிடம்தான் சொல்கிறேன்.