காசில்லாதவள் பந்தயக் கார் ஓட்டலாமா?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெண்களும் ஆரோக்கியமும்" பற்றிப் பேசும்படிதான் சங்கச் செயலாளர் கேட்டார். டொக்டர் என்றால் அந்தத் தலைப்புத்தான் கிடைக்கும். நான் வேறு தலைப்பைக் கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் ஒரு படிவம். தரம் 10 பிள்ளைகளிடம் "என்னவாக வர விரும்புகிறீர்கள்" என்று எழுதி வாங்கியபோது, ஒரு பிள்ளை "கார்ப் பந்தய ஓட்டுநர்" என்று எழுதியிருந்தாள். வகுப்பே சிரித்ததாம். தகப்பன் கூலிக்கு உழவு இயந்திரம் ஓட்டுபவர். தெற்கில் நடக்கும் பந்தயங்களுக்கு நான் அம்புலன்ஸ் கடமைக்குப் போய்வருவது வகுப்பாசிரியைக்குத் தெரியும். "நீங்களே இவளுக்குப் பதில் சொல்லுங்கோ" என்று படிவத்தை என்னிடம் தந்துவிட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டேன். இங்கேதான் இருக்கிறாள்.

முதலில் கசப்பான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் திறமை இரண்டாவது, காசுதான் முதலாவது. ஓட்டப்பந்தயத்துக்குக் கால் போதும். இங்கே ரயருக்கும் எஞ்சினுக்கும் பயிற்சி நாளுக்கும் காசு வேண்டும். பெண்களுக்கென்றே 2023இல் தொடங்கிய எஃப்-வன் அகடமித் தொடரில் முதல் வருடம் ஓட ஒவ்வொரு ஓட்டுநரும் கொண்டுவர வேண்டியிருந்த தொகை 150,000 யூரோ. அதே அளவு காசை போர்முலா வன் நிறுவனமும் போட்டது. அதற்கு முன் டபிள்யூ சீரீஸ் என்றொரு தொடர் 2019இல் தொடங்கியது. அதில் ஓட்டுநர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஜேமி சட்விக் என்ற ஆங்கிலேயப் பெண் மூன்று முறை அதில் வென்றார். 2022இல் காசு முடிந்து, பருவம் முடியுமுன்பே அது நின்றுபோனது. இலவசக் கதவு திறந்தாலும் எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்று சொல்லமுடியாத உலகம் இது.

ஏழு முறை உலகச் சம்பியனான லூயிஸ் ஹமில்ரன் எட்டு வயதில் பழைய கோ-கார்ட் ஒன்றில் தொடங்கியவர். அவருடைய தந்தை அந்தோனி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலை செய்து அந்தச் செலவைத் தாங்கினார். 1998இல் மக்லாரன் நிறுவனம் பிள்ளையைப் பொறுப்பெடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பிரான்சின் எஸ்தபன் ஒகோனுடைய பெற்றோர் வீட்டை விற்று, கரவனில் குடியிருந்தார்கள். இந்தக் கதைகளைச் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுகம். நான் அதைச் செய்யமாட்டேன். வீட்டை விற்ற எத்தனையோ பேரின் பிள்ளைகள் எங்கும் போய்ச் சேரவில்லை. அவர்களைப் பற்றி ஒருவரும் படம் எடுப்பதில்லை. வன்னியில் காணி உறுதியை ஈடு வைத்து ஒரு பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்பச் சொல்லி எந்தப் பெற்றாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் கதவே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது முன்வாசல் அல்ல.

எங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் கரிவரதன் என்றொருவர் இருந்தார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்காக, 1980களின் கடைசியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி. எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும் அதே மாருதியின் எஞ்சின்தான்! போர்முலா மாருதி என்று அதற்குப் பெயர். அந்தக் காரில் பந்தயம் தொடங்கியவர்களில் ஒருவர்தான் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓடி, போர்முலா வன்னுக்குப் போன முதல் இந்தியரானார். நரேன் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அல்ல, தந்தையே பெயர்பெற்ற ராலி ஓட்டுநர், அதை மறைக்கக்கூடாது. ஆனால் அவரைப்போல வசதியில்லாத பலரும் அதே மலிவான காரில் அவரோடு மோதிப் பார்க்க முடிந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் திடலுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் இடப்பெயர்வுக் காலம் நினைவுக்கு வந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு ஸ்கந்தபுரத்திலும் அக்கராயனிலும் மரநிழலில் படித்தோமே, அப்போது பெற்றோல் எங்கே இருந்தது? ஒரு மூடி பெற்றோல் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகைக்குப் பின்னால் சைக்கிளில் வந்த எங்களுக்கு வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகும். உதிரிப்பாகம் கிடைக்காமல் தாங்களே கடைந்து போட்ட மெக்கானிக்மார் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். பந்தயத் திடலின் பின்கட்டில் நடப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான்: குறைந்த நேரத்தில், இருப்பதை வைத்து, எஞ்சினைப் பேசவைப்பது.

ஆகவே பிள்ளாய், உனக்கு நான் சொல்லும் முதல் கதவு கராஜ். அறிவியல் நகரில் இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது; மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்கிறார்கள். பக்கத்திலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே கார் செய்து போட்டியிடும் போர்முலா ஸ்ரூடன்ட் போட்டி ஒவ்வொரு வருடமும் இங்கிலாந்தில் நடக்கிறது. அதில் ஓட்டுபவர்களும் மாணவர்கள்தான். காரைத் திருத்தத் தெரிந்த ஓட்டுநருக்கு அணிக்குள் இடம் கிடைப்பது சுலபம். அவளுக்குச் செலவும் குறைவு.

இரண்டாவது கதவு பக்கத்து இருக்கை. ராலியில் ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து பாதைக் குறிப்பு வாசிப்பவர் ஒருவர் உண்டு. மிஷேல் மூட்டோன் என்ற பிரெஞ்சுப் பெண் அப்படித்தான் தொடங்கினார். ரோஜாவும் மல்லிகையும் பயிரிடும் கிராஸ் ஊர்க்காரி. மகள் பக்கத்து இருக்கையில் இருப்பதைப் பார்த்த தகப்பன், ஓட்டுவதென்றால் நீயே ஓட்டு, கார் வாங்கித் தருகிறேன், ஒரு வருடத்தில் உன்னை நிரூபித்துக் காட்டு என்றாராம். 1981இல் சான்ரெமோ ராலியை வென்றார்; உலக ராலிச் சுற்றில் வென்ற முதல் பெண் அவர். அடுத்த வருடம் உலகத் தரவரிசையில் இரண்டாமிடம். தகப்பன் கார் கொடுத்ததைவிடக் காலக்கெடு கொடுத்ததுதான் எனக்குப் பிடிக்கும். எல்லையில்லாத கனவுதான் குடும்பங்களைத் தின்கிறது.

லெல்லா லொம்பார்டியையும் சொல்லவேண்டும். இத்தாலியில் இறைச்சிக்கடைக்காரரின் மகள். கடைச் சாமான் கொண்டுபோகும் வானில் ஓடிப் பழகியவர். 1975இல் ஸ்பெயினில் ஆறாமிடம் வந்தார். ஓட்டம் இடையில் நிறுத்தப்பட்டதால் கிடைத்தது அரைப் புள்ளி. போர்முலா வன் உலகச் சம்பியன் போட்டியில் ஒரு பெண் எடுத்த ஒரே புள்ளிக்கணக்கு இன்றுவரை அந்த அரைதான்.

கணினி விளையாட்டால் வந்தவர்களும் உண்டு. 2011இல் அப்படித் தேர்வான ஜான் மார்டன்பரோ இரண்டே வருடத்தில் லு மான் 24 மணி ஓட்டத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் வந்தார். அந்தத் திட்டம் இப்போது இல்லை. இதைச் சொல்லி ஃபோனை நோண்ட அனுமதி கேட்கவேண்டாம். நம்ம அஜித்தைப் பற்றியும் கேட்பீர்கள். மோட்டார் சைக்கிள் கராஜில் பழகி, நடிகராகி, பிறகு பந்தயத்துக்குப் போனவர். 2025 ஜனவரியில் துபாயில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. முதலில் உழைத்து, பிறகு ஓடுவதும் ஒரு வழிதான். அது எங்கள் பெண்களுக்கும் பொருந்தும்.

இலங்கையில் எங்கே ஓடுவது? நுவரெலியாவில் மககஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலேயே தொடங்கியது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பழைய விமான ஓடுபாதையில் ஓடுகிறார்கள். சென்னைக்காரருக்குச் சோழவரமும் ஆங்கிலேயருக்குச் சில்வர்ஸ்டோனும் அப்படித்தான், இரண்டாம் உலகப் போர் விட்டுப்போன ஓடுபாதைகள். எங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கிழக்கேயும் ஓர் ஓடுபாதை இருக்கிறது. சிரிக்கவேண்டாம். கட்டுக்குருந்தவும் விமானப்படையின் நிலந்தான்.

இனி டொக்டராக இரண்டு வார்த்தை. காசைச் சேமிக்கக் கூடாத இடம் தலைக்கவசமும் தீத்தாங்கும் உடுப்பும். பாவித்த கார் வாங்கலாம், பாவித்த ரயர் வாங்கலாம், பாவித்த தலைக்கவசம் வாங்கவேண்டாம். ஒரு தரம் அடிபட்டதா என்று வெளியில் பார்த்துச் சொல்லமுடியாது. மருத்துவ வசதி ஒழுங்காக இல்லாத திடலில் இலவசமாக ஓடக் கூப்பிட்டாலும் போகவேண்டாம். 1978இல் மொன்சாவில் ரொனி பீற்றர்சன் விபத்துக்குப் பிறகுதான், முதல் சுற்றில் கார்களுக்குப் பின்னால் மருத்துவ வாகனம் போகும் வழக்கத்தைப் பேராசிரியர் சிட் வொட்கின்ஸ் கொண்டுவந்தார். அடுத்தது இரத்தம். எங்கள் பிள்ளைகளில் இரத்தச்சோகையை நான் கிளினிக்கில் தினமும் காண்கிறேன். மூடிய உடுப்போடு வெக்கையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுவதற்கு, வெளிறிய முகத்தோடு ஏறமுடியாது. முருங்கைக்கீரையும் நெத்தலியும் இங்கே பந்தயச் செலவுக் கணக்கில் சேரும்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். சங்கத்தின் நிதியில் பந்தயக் கார் வாங்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதற்குள் வருடத்துக்குச் சில நாள் கோ-கார்ட் ஓடக் கட்டணமும், கொழும்புக்குத் துணையோடு போய்வரும் செலவும், ஒரு புதுத் தலைக்கவசமும் போதும். சாதாரணதரம் முடிய மீண்டும் இருந்து கணக்குப் பார்ப்போம். முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்துவோம், அதை அவளுக்கும் இப்போதே சொல்லிவைக்கிறேன். லண்டனில் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வேலை: அங்கே திடல்களில் கொடி பிடிக்கும் மார்ஷல்கள் தொண்டர்கள்தான், பயிற்சியும் கொடுக்கிறார்கள். யாராவது ஒருத்தி சேர்ந்து, உள்ளே எப்படி நடக்கிறதென்று எழுதி அனுப்புங்கள்.

மருத்துவப் பரிசோதனையை நான் செய்கிறேன். மிச்சத்துக்குப் பெயர் எழுத, தேநீர் நேரத்தில் கொப்பியோடு வாசலில் நிற்பேன்.